மின்சாரச் செலவு: பூஜ்யம்

என் தங்கச்சி செல்லக்கிளியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்றால், கிடையாது. ஆனால் அவள் கதையை அவள் வாயால் சொல்லமாட்டாள். அவள் மகன் முகேஷும் சொல்லமாட்டான். விவரம் தெரிந்து மிச்சம் இருப்பவன் நான் ஒருத்தன்தான். கெடுத்தவனும் நானேதான்.

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் அவளுடைய எழுபது சென்ட் இருக்கிறது. எழுபது சென்டெல்லாம் ஒரு நிலமா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் அப்பனும் ஆத்தாளும் காலம் முழுக்க அடுத்தவர் வயலில்தான் குனிந்தார்கள். செல்லக்கிளியும் கல்யாணமாகிப் பத்து வருஷம் வரைக்கும் கூலிக்குத்தான் களை எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் சின்னான் செங்கல் சூளையில் வெந்து, இவள் சீட்டுக் கட்டி, இருவருமாகச் சேர்ந்து வாங்கிய இடம் அது. கிணறு இருந்தது. கிணற்றில் தண்ணீரும் இருந்தது. மேலே ஏற்றக் கரண்டுதான் இல்லை.

விவசாய மோட்டாருக்கு அரசாங்கம் கரண்டை இலவசமாகத் தருகிறது. அதற்கு மனுப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். சின்னான் மனுப் போட்ட வருஷம் முகேஷ் ரெண்டாம் வகுப்பு. கரண்டு வந்தபோது அவன் இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷம். நடுவில் பதிமூன்று வருஷம் டீசல் எஞ்சினை வாடகைக்கு எடுத்துத்தான் தண்ணீர் இறைத்தார்கள். கையில் காசு இல்லாத மாதத்தில் மல்லிகைச் செடியும் காயும், இவள் முகமும் காயும். லைன்மேன் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் போட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். குழாயில் தண்ணீர் வந்து விழுந்ததும் சின்னான் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். செல்லக்கிளி தண்ணீரைத் தொடக்கூட இல்லை. வாய்க்கால் ஓரமாகவே நடந்து, அது கடைசிச் செடி வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தாள்.

அடுத்த மூன்று வருஷத்தில் சின்னான் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். மின் இணைப்பை இவள் பேருக்கு மாற்றும் காகித வேலையை நான்தான் ஓடியாடிப் பார்த்தேன். இணைப்பு அட்டையில் 'செல்லக்கிளி' என்று அச்சாகி வந்தது. பத்திரம் சின்னான் பேரில், வீட்டு வரி சின்னான் பேரில். இவள் பேரில் வந்த முதல் காகிதம் அதுதான். அவள் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எண்களோ தண்ணீர் பட்ட பாடு. நான் எட்டாவது படிக்கும்போது என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, என் கணக்கு நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. இருந்தும் அந்த அட்டையை என்னிடம் நீட்டி, "நீ வாசிண்ணே" என்றாள். வாசித்தேன். "இன்னொருக்க வாசி" என்றாள். மூன்று தரம் வாசித்தேன்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். பேர் இம்மானுவேல். குடியிருப்பு ஆனையூர். சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கையெழுத்துப் போடுவது ஆடிட்டர், அதற்கு முந்தியது எல்லாம் நான். பேங்க் லோனுக்குத் திட்ட அறிக்கை தயாரிப்பது என் வேலை. பேக்கரி, தண்ணீர் கேன் கம்பெனி, வாத்துப் பண்ணை என்று எவன் எந்தக் கனவோடு மாடி ஏறி வந்தாலும் அதற்கு முதலீடு, மாதச் செலவு, வரவு, லாபம் என்று கட்டம் போட்டுக் கொடுப்பேன். நஷ்டம் வந்தால் எந்த பேங்கும் காசு தராது. அதனால் என் மேசையில் நஷ்டம் வராது. ஒரு வரியைக் குறைப்பேன், ஒரு வரியை ஏற்றுவேன். கணக்குத் தேறாமல் என் கையிலிருந்து ஒரு காகிதமும் போனதில்லை என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வேன். வாத்துப் பண்ணைக்காரன் ஒரு வருஷத்தில் வாத்தையெல்லாம் விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனான். அவன் கணக்கும் என் காகிதத்தில் தேறித்தான் இருந்தது.

போன வருஷம் கார்த்திகை மாதத்தில் முகேஷ் அந்த மாடியேறி வந்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன். ஆட்குறைப்பில் இவனையும் அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதமாக அம்மா வீட்டில் இருந்தான். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன மாப்ள, லீவா?" என்று கேட்டுக் கேட்டே அவனை வீட்டுக்குள் முடக்கிவிட்டார்கள்.

"பிட்காயின் மைனிங் போடலாம்னு இருக்கேன் மாமா" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன்தான் விளக்கினான். "உலகம் பூராம் இருக்க மெஷினு எல்லாம் போட்டி போட்டு ஒரு கணக்கைப் போடுது மாமா. முதல்ல முடிக்கிறவனுக்குக் காயின் கிடைக்கும். நம்ம தனியாப் போட்டா காலத்துக்கும் வராது. கூட்டாச் சேந்துட்டா, நம்ம மெஷினு எம்புட்டு வேலை செஞ்சுச்சோ அம்புட்டுக்குப் பங்கு தினமும் வந்துரும். மெஷின் மட்டும் நிக்காம ஓடணும்."

தினமும் பங்கு வரும் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆபீஸ் கடிதத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தேன். பழைய மெஷின் மூன்று, ஒன்று தொண்ணூற்றையாயிரம். மோட்டார் ரூமை ஒட்டித் தகரக் கொட்டகை நாற்பத்திரண்டாயிரம். வயரிங் இருபத்தெட்டாயிரம். சூடு வெளியே போக ரெண்டு பெரிய ஃபேன், பத்தொன்பதாயிரம். ஊருக்குள்ளிருந்து இன்டர்நெட் கேபிள் இழுக்கப் பதினோராயிரம். பூட்டு, சில்லறைச் சாமான் நாலாயிரத்து நூறு. வயலாச்சே, வயரைக் கடிக்கும் என்று எலி வலை ஒன்று நானாகச் சேர்த்தேன், தொள்ளாயிரம். ஆக மொத்தம் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். அவன் சேமிப்பு ரெண்டரை லட்சம் இருந்தது. மீதிக்கு அம்மா சங்கிலி இருக்கிறது என்றான். மாத வரவு மூன்று மெஷினுக்கும் சேர்த்து முப்பத்தொன்பதாயிரம்.

பிறகு மின்சாரம். ஒரு மெஷின் நாள் முழுக்க ஓடினால் மாதம் ரெண்டாயிரத்து முந்நூறு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஏழாயிரம் யூனிட். கடைக்கான கட்டணம் போட்டால் அறுபத்தையாயிரம் வந்தது. மாதா மாதம் இருபத்தாறாயிரம் நஷ்டம்.

முகேஷ் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் இதான் வந்துச்சு மாமா. நீங்க பாத்தா ஏதாச்சும் வழி தெரியும்னு வந்தேன்" என்றான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "தேறாது மாப்ள, வேற வேலை தேடு, எந்திரி, டீ குடிப்போம்" என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? தங்கச்சி மகன் என்னை நம்பி மாடி ஏறி வந்திருக்கிறான், இருபத்திரண்டு வருஷத்தில் தேறாத கணக்கு என்று ஒன்றை இவன் முன்னாலா காட்டுவது என்று தோன்றியது. அந்த வீம்புதான். வேறு ஒன்றும் இல்லை.

"மாப்ள, உங்க தோட்டத்து லைனுக்கு மீட்டர் இருக்கா?"

"இல்ல மாமா. ஃப்ரீ சர்வீஸ்தான."

நான் அறுபத்தையாயிரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டேன்.

முகேஷ் தயங்கினான். "அது விவசாயத்துக்குக் குடுத்தது மாமா. தப்பில்லையா?"

"மோட்டார் ரூமுக்குள்ள மோட்டார் ஓடுதா மெஷின் ஓடுதான்னு எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்? பத்தே மாசம். போட்ட காசை எடுத்துட்டு, கடை லைனுக்கு எழுதிக் குடுத்து வாங்கிக்கிரு" என்றேன். அவன் படியிறங்கும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னேன். "நாஞ் சொன்னேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிறாத மாப்ள. ஆடிட்டர் காதுக்குப் போனா எம் பொழப்புப் போயிரும்."

தை மாதம் மெஷின் வந்தது. மாசியில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குள் மூன்றும் காது அடைக்கிற மாதிரி இரைந்துகொண்டிருந்தன. என் காகிதத்தை முகேஷ் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். செல்லக்கிளிக்குச் சந்தோஷம்தான். மகன் காலையில் எழுந்து குளித்து வேலைக்குப் போகிற மாதிரி கொட்டகைக்குப் போகிறான் என்று சொன்னாள். கவாத்துப் பண்ணிய செடியெல்லாம் துளிர்த்து, அரும்பு கட்டியிருந்தது. ஆனால் மண் வெளுத்திருந்தது.

"தண்ணி விடலையா கிளி?"

"மெஷின் ஓடுறப்ப மோட்டாரு எடுக்க மாட்டேங்குதுண்ணே. மெஷினை நிறுத்துனா அவனுக்குக் காசு போயிருமாம். அவன் சாப்பிட வாரப்ப அரை மணி நேரம் நிப்பாட்டுவான், அப்ப ஓட்டிக்கிருவேன்."

அன்று அவள் போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை. இறங்காவிட்டாலும் சாப்பிட்டேன். வரும்போது என் வீட்டுக்காரிக்கு என்று அந்தப் பருவத்து முதல் பூவில் ஒரு கைப்பிடி கொடுத்தாள், அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்த லைன் ஒரு மோட்டாருக்காக இழுத்தது. மூன்று மெஷின் சுமையை எத்தனை நாள் தாங்கும்? பங்குனி முதல் வாரத்தில் அந்தப் பகுதி டிரான்ஸ்பார்மர் எரிந்தது. செல்லக்கிளி தோட்டத்தோடு சேர்த்துப் பதினோரு கிணற்று மோட்டார்கள் நின்றன. பூ வருகிற பருவத்தில் பத்து நாள் தண்ணீர் இல்லை. புது டிரான்ஸ்பார்மர் வைத்து, அதுவும் நாலாம் நாள் புகைந்ததும், மின்வாரிய ஆட்கள் ஒவ்வொரு லைனாக இழுவையை அளந்துகொண்டே வந்தார்கள். முகேஷ் பதறிப்போய் எனக்குப் போன் செய்தான். ஆபீஸில் பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது வரப்பில் கூட்டம் நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கண்ணுச்சாமி முன்னால் நின்றார். அவருக்கு மட்டும் ஒன்றரை ஏக்கர் மல்லிகை. செல்லக்கிளி இடுப்பில் எதையோ செருகிக்கொண்டே கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். பணமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் வெளியே வந்த பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள்.

வெளியே வந்த அதிகாரி கையில் அவள் அட்டை இருந்தது. "செல்லக்கிளி யாரும்மா?" என்று வாசித்துக் கேட்டார். நான் மூன்று தரம் வாசித்த அதே பேர்.

"நாந்தேன் சார்."

"விவசாயத்துக்குக் குடுத்த கரண்டும்மா இது. இதுக்குப் பேரு திருட்டு. படிச்ச பையன் மாதிரி இருக்கான், உங்களுக்கு இந்த யோசனையை யாரு சொன்னது?"

முகேஷ் தலை குனிந்தான். நான் கண்ணுச்சாமிக்குப் பின்னால் ஆபீஸ் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். செல்லக்கிளி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"நாந்தேன் சார் போடச் சொன்னேன். பய மேல எழுதாதீக."

ஒரு வார்த்தை நான் பேசவில்லை. பேச வேண்டும் என்று நாக்கு வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்லமாட்டேன். வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அபராதம் ஒன்றே முக்கால் லட்சம் போட்டார்கள். மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கம்மலையும் வைத்துக் கட்டினார்கள். சங்கிலி ஏற்கெனவே போயிருந்தது. கேஸ் அதோடு முடிந்தது. ஆனால் இலவச இணைப்பு போனது போனதுதான், வேண்டுமானால் புதிதாக மனுப் போட்டு வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முகேஷ் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கிடைத்த வேலைக்குப் போனான். டீசல் எஞ்சின் வாடகைக்குக் கையில் காசு இல்லை. கண்ணுச்சாமி நல்ல மனுஷன். வாரம் ஒரு தரம் தன் கிணற்றிலிருந்து ரெண்டு மணி நேரம் தண்ணீர் விட்டார். அது பாதிச் செடிக்குத்தான் போதும். மீதிப் பாதி சித்திரையில் குச்சியாகிவிட்டது. செல்லக்கிளி தண்ணீர்க் கூலிக்கு ஈடாக அவர் தோட்டத்தில் பூ எடுக்கப் போனாள். இருபது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் அடுத்தவர் வயலில்.

வைகாசியில் என் மகள் சரண்யாதேவிக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் பூ செல்லக்கிளி தோட்டத்திலிருந்துதான் வரும். அன்றும் அவள் பூவோடு வந்தாள். வாழை இலைக் கட்டுக்குப் பதிலாகக் கடைப் பிளாஸ்டிக் பையில் இருந்தது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். எங்கள் சின்னம்மா மகள் பாண்டிச்செல்விக்கு வாய் சும்மா இருக்காது. "இம்மானுவேல் அண்ணன் கணக்குல புலியாச்சே, உம் மகன் அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

"கேட்டானே. எங்கண்ணன் வேணாம்னு தலையா அடிச்சுக்கிட்டாக. இந்தப் பயதேன் கேக்கல" என்றாள் செல்லக்கிளி, பூவைக் கிள்ளிக் கிள்ளி வைத்தபடி.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். முகேஷ்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான், நான் கேட்டுக்கொண்டதற்கு மேலேயே என்னைக் காப்பாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகு ஆபீஸில் எவன் கணக்கைத் தொட்டாலும் மின்சாரச் செலவு வரிக்கு வந்ததும் கை நின்றுவிடும். "என்னய்யா, தூங்குறியா?" என்று ஆடிட்டர் கேட்கத் தொடங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை, புது இணைப்புக்கான மனுப் படிவத்தை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மத்தியானம். அவள் கண்ணுச்சாமி தோட்டத்தில் களைவெட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். இருந்தாலும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு பேருல போடட்டும்? முகேஷ் பேருல போடுவோமா?"

"எம் பேருலயே போடுண்ணே."

போட்டேன். வயது என்ற இடத்தில் ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.

"இந்தவாட்டி எம்புட்டு வருசம் ஆகும்?"

சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். போன தரம் மாதிரி பதிமூன்று வருஷம் ஆனால் அவளுக்கு அறுபத்து நாலு. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கிளி, அந்த ரோசனை உம் மகனோடது இல்ல. நாந்தேன் சொன்னேன். அவன் வேணாம்னுதேன் சொன்னான், நாந்தேன்..." என்று முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். ஐம்பத்தாறு வயசில், காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு.

அவள் எழுந்து உள்ளே போனாள். அந்த இணைப்பு அட்டை வைத்திருந்த பாலிதீன் கவரை எடுத்து வந்தாள். அட்டை இல்லை. உள்ளே நாலாக மடித்த காகிதம் இருந்தது. பிரித்துத் தரையில் வைத்தாள். ஆபீஸ் கடிதத்தாள். பின்பக்கம் என் கட்டம், என் எழுத்து.

"செவுத்துல ஒட்டியிருந்தான். ஆபீசரு உள்ள வாரதுக்கு முன்னாடி கிழிச்சு எடுத்துட்டேன்."

"என் எழுத்துன்னு அன்னைக்கே தெரியுமா?"

"நீ முட்டை போட்டா உள்ள ஒரு புள்ளி வைப்ப. எட்டாவது படிக்கிறப்பல இருந்து வைக்கிற. எனக்குத் தெரியாதா?"

வரப்பில் நின்று அவள் என்னைப் பார்த்தது ஞாபகம் வந்தது. தெரிந்துதான் பார்த்திருக்கிறாள். தெரிந்துதான் "நாந்தேன் சார்" என்றிருக்கிறாள்.

"ஏன் ஆத்தா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா கரண்டு வந்துருமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குனிந்து, காகிதத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். "நானும் நெதம் எடுத்து வாசிச்சுப் பாப்பேண்ணே. ஃபேனுக்குப் போட்டிருக்க. பூட்டுக்குப் போட்டிருக்க. எலி வலைக்குக்கூடத் தொள்ளாயிரம் போட்டிருக்க." விரல் பூஜ்யம் போட்ட கடைசி வரியில் நின்றது. "எஞ் செடிக்குத் தண்ணிக்கு என்ன வழின்னு ஒரு வரி எழுதலையேண்ணே."

அவள் களைவெட்டியை எடுத்துக்கொண்டு, "காபி ஆறுது, குடிச்சுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் அந்தக் காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழே கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.